செட் ஆகும் வரை

எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்த ஆங்கிலச் சொல் 'செட்'. நான் பள்ளிக்கூடம் போய் ஏ, பி, சி, டி படித்துக்கொண்டு வருவதற்கு முன்பே அது வந்து உட்கார்ந்துவிட்டது. கொண்டு வந்தவர் அப்பா. அவர் காங்கிரீட் மேஸ்திரி. பெங்களூரில் பார்த்த இடத்திலெல்லாம் மாடி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கூரைக்குக் காங்கிரீட் கொட்டுகிற நாளுக்கு அப்பா வைத்திருந்த பெயர் மோல்டு நாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவ மாட்டார். வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"செட்டு ஆகுற வரைக்கும் மழை வராம இருக்கணும்."

செட் ஆவது என்றால் காங்கிரீட் தூங்கிப்போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. நான் குழந்தையாக இருந்தபோது மடியிலேயே தூங்கிவிட்டால், "பாப்பா செட்டு ஆயிட்டா, ஆட்டாத" என்று அம்மாவிடம் சொல்வாராம். காங்கிரீட் இறுகிய பிறகு அதன்மேல் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். வீட்டுக்காரர்கள் மறந்துவிடுவார்கள் என்று அப்பா ஞாயிற்றுக்கிழமையிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். "தண்ணி குடிக்காத கூரை விரிசல் வுட்டுடும்" என்பார், பசியோடு இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அம்மாவின் செட் வேறு. அம்மா ஆஸ்டின் டவுன் தெருக்களில் கீரை விற்றாள். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் சேர்ந்து ஒரே ஆட்டோவில் கட்டுகளை ஏற்றி வருவார்கள். அவர்கள்தான் 'எங்க செட்டு'. செட்டில் ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் ஆட்டோக்காரனிடம் சண்டை போட வேண்டியிருக்கும்.

மோல்டு நாளில் அப்பா ஓட்டலில் இருந்து செட் தோசை கட்டிக்கொண்டு வருவார். மெத்தென்று மூன்று தோசைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் தொட்டுக்கொள்ள ஒரு பொட்டலம் சாகு. இதற்கு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டேன்.

"மூணும் ஒண்ணா ஒட்டிக்கினு இருக்குதில்ல, அதான் செட்டு. நம்ம மூணு பேரு மாதிரி."

குழாயடியில் வேறு ஒரு செட் இருந்தது. தையல்காரர் மகளுக்கும் மேல்தெருப் பையனுக்கும் செட் ஆகிவிட்டது என்று ஒருநாள் யாரோ சொன்னார்கள். "எந்த செட்டும்மா? காங்கிரீட்டா, தோசையா?" என்று நான் கேட்டதில் குழாயடி முழுக்கச் சிரித்தது. அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அது பெரியவங்க செட்டு. நீ வூட்டுக்கு நட" என்றாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்பா கைநாட்டு வைப்பார். அம்மா கட்டுகளை எண்ணுவாள், சில்லறையில் ஏமாற மாட்டாள், ஆனால் எந்த பஸ் என்பதை நிறத்தையும் நெற்றியையும் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள். அதனால் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைப்பதை எல்லாம் அன்றன்றைக்கே வீட்டில் கொண்டுவந்து போட்டுவிடுவேன். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் பலகையில் இரண்டு நெளிந்த அடைப்புக்குறிகளைப் போட்டு, இதுவும் செட்தான் என்றார். உள்ளே எதுவுமே இல்லாவிட்டாலும் அது செட்தான், வெற்று செட்.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். "நைனா, உள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் அது செட்டாம்."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு அடைப்பு? சென்ட்ரிங் பலகை எல்லாம் அடிச்சிட்டு காங்கிரீட்டு கொட்டாம போறவன் எவன்?"

பிறகு பழைய புத்தகக் கடையில் முதுகு கிழிந்த ஓர் ஆங்கில அகராதி எனக்குக் கிடைத்தது. அதில் இந்தச் சொல்லைத் தேடினேன். மற்ற சொற்களுக்கு இரண்டு மூன்று வரி. இதற்குப் பக்கம் பக்கமாகப் போயிற்று. சூரியன் மறைவதும் இதே சொல். சாப்பாட்டு மேசையில் தட்டு வைப்பதும், முறிந்த எலும்பு கூடுவதும், பொறி வைப்பதும், தயிர் உறைவதும், மோதிரத்தில் கல் பதிப்பதும் இதே சொல். அம்மா முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "ஒரு வார்த்தைக்கு இவ்ளோ வேலையா? பாவம்" என்றாள். உண்மையாகவே அதற்காக வருத்தப்பட்டதுபோல இருந்தது.

அம்மாவின் குரலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மா மெல்லிய உடம்பு. ஆனால் தெருமுனையில் கூடையோடு நின்று ஒரு குரல் கொடுத்தாளென்றால் மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் எல்லாப் பாஷைக்காரர்களும் இருந்ததால் கூவுவது கன்னடத்தில். கீரைக்குக் கன்னடத்தில் ஸொப்பு. பெங்களூர்க்காரர்களுக்குச் சதகுப்பைக் கீரை என்றால் உயிர். அதற்கு இங்கே ஸப்ஸிகே என்று பெயர். "தண்டு ஸொப்பு... மெந்த்ய ஸொப்பு... ஸப்ஸிகே ஸொப்பூ..." என்று அம்மா இழுத்து, கடைசி 'பூ'வை மேலே தூக்கி எறிவாள். அது எங்கே விழும் என்று பார்க்க வேண்டும்போல இருக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் வீடுகளில் அடுப்பில் பருப்பு ஏறும். மற்ற கீரைக்காரிகளும் வந்தார்கள். ஆனால் அம்மாவின் வாடிக்கைக்காரர்கள் காத்திருந்தது அம்மாவின் குரலுக்கு.

நான் பி.காம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு ஈறு வீங்கிப் பல் ஆடத் தொடங்கியது. கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், புகையிலைத் தூளை நிறுத்தினாள். எதுவும் உதவவில்லை. ஆஸ்பத்திரியில் மேல்வரிசையை முழுக்க எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்று அவள் அழவில்லை. ஈறு ஆறி, மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு போன முதல் நாள்தான் அழுதாள்.

மேல்பல் இல்லாதவர்களுக்கு 'ஸ' வராது. காற்றாகப் போய்விடும். அம்மா கூவ வேண்டியதில் முக்கால்வாசி 'ஸ'. தெருமுனையில் நின்று அவள் எப்போதும்போலக் குரலை எறிந்தபோது, "ஹப்ஹிகே ஹொப்பூ" என்று வெளியே வந்தது. அங்கே கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. "ஹப்ஹிகே! ஹொப்பூ!" என்று பின்னாலேயே வந்தார்கள். பிள்ளைகள் கேலி செய்ததைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒரு வாடிக்கைக்காரம்மா கதவைத் திறந்து, முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார்களாம். அதுதான் அவளை அடித்தது.

அன்றோடு கூவுவதை நிறுத்திவிட்டாள். கூடையைச் சுமந்துகொண்டு வாய் திறக்காமல் தெருத்தெருவாக நடந்தாள். கதவைத் தட்டிக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லை. அவள் வந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் வாடிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவண்டிக்காரர்களிடம் போனது. மத்தியானம் வாடிய கட்டுகளோடு திரும்பி வருவாள். அவற்றை நாங்கள் சாப்பிட்டோம். கடைந்து, பொரித்து, குழம்பில் போட்டு, தினமும் சாப்பிட்டோம். வீட்டிலும் அவள் பேசினால் இடது கை தானாக வாய்க்குப் போய்விடும். சிரிப்பு வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அப்பா அவளைச் சீண்டி ஏதாவது பதில் வாங்கப் பார்ப்பார். ஒரு 'உம்' கிடைக்கும். "வூடு அடைச்ச மாதிரி இருக்குது பாப்பா" என்று என்னிடம் சொன்னார்.

பி.காம் முடிந்ததும் எனக்கு ஒரு சின்னக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை. சம்பளம் வாங்கியதும் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"பல்லு கட்டிக்கலாம் வாம்மா."

"எனக்கெதுக்கு?" அம்மா வாயைப் பொத்திக்கொண்டே சொன்னாள். "நான் இன்னா கல்யாணப் பொண்ணா? உனக்கு ஒரு செட்டு கம்மல் வாங்கு."

"கம்மல் கூவுமா?"

மறுநாள் காலை நான் கேட்காமலே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

பல் டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த கன்னடப் பெண். அம்மாவை நாற்காலியில் சாய்த்து, ஒரு தட்டில் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, அதை அப்படியே மேலண்ணத்தில் வைத்து அழுத்தினார். அம்மா திகைத்துப்போய் என் கையைப் பிடித்தாள்.

"செட் ஆகலி, அல்லாடபேடி" என்றார் டாக்டர். இறுகட்டும், ஆடாதீர்கள்.

நாற்காலியில் இருந்த அம்மாவின் கண்கள் சட்டென்று தெளிந்தன. அவளுக்குத் தெரிந்த சொல். என் கையை விட்டுவிட்டு, சிலைபோல அசையாமல் கிடந்தாள். வீட்டுக்கு வந்ததும் வாய்க்குக் கையை வைக்கக்கூட மறந்து அப்பாவிடம் சொன்னாள்: "உன் வேலைதான்யா அங்கயும். கலவை கொழைச்சு, பூசி, செட்டு ஆகட்டும்னு வுட்டுட்டாங்க."

அப்பாவுக்கு அதில் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. "சென்ட்ரிங் உண்டா?" என்று விசாரித்தார்.

அளவு, சரிபார்ப்பு என்று இன்னும் சில தடவை போனோம். பல்லைக் கையில் கொடுக்கிற நாளில் எனக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அப்பா அன்றைய வேலையை விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிப்போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அம்மா எப்படிச் சிரிப்பாள், என்ன பேசுவாள் என்று மனத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா சுவரோரம் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. என்னைப் பார்த்ததும் கண்ணால் சிரித்தாள். வாய் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும், ஒரு பிளாஸ்டிக் பேசினும். காவல் மாதிரி அப்பா.

"என்னம்மா ஆச்சு? வலிக்குதா? வீங்கியிருக்கே!"

அம்மா இல்லையென்று தலையாட்டினாள். மிகவும் ஜாக்கிரதையாக, தலையில் குடம் இருப்பதுபோல ஆட்டினாள்.

"வீக்கம் இல்ல பாப்பா. தண்ணி நிறுத்தியிருக்கேன்" என்றார் அப்பா.

"எங்க?"

"வாயிலதான்! பல்லு செட்டு ஆவணும் இல்ல? டாக்டரம்மா சுத்தமா சொல்லிட்டாங்க. செட்டு ஆகக் கொஞ்ச நாளு ஆவும், தண்ணியில வைங்கன்னு. எனக்கு இதைச் சொல்லணுமா? கூரை எப்படியோ பல்லும் அப்படித்தான். ஆட்டக்கூடாது, பேசக்கூடாது, கடிக்கக்கூடாது. வேளைக்கு வேளை தண்ணி மாத்தணும்."

டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பல் பழகுவதற்குக் கொஞ்ச நாளாகும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். இரண்டும் கன்னடத்தில் இரண்டு வாக்கியம். அப்பாவின் காதில் அவை சேர்ந்து ஒரே வாக்கியமாகிவிட்டன. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் வாக்கியம்.

"நைனா, அது அந்த செட் இல்ல. பழகணும்னு அர்த்தம்."

"நீ அங்க இருந்தியா? நான் இருந்தேன்."

"பல்லு ஏற்கெனவே கெட்டியாத்தான் இருக்கும். அதை இறுக வைக்க வேண்டியதில்ல."

"வெளிய பார்த்தா கூரையும் மறுநாளே கெட்டியாத்தான் தெரியும். ஏறி நின்னவனுக்குத்தான் தெரியும்."

நான் அகராதியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் விரித்தேன். பக்கத்தைப் புரட்டினேன். எனக்கு வேண்டிய அர்த்தம் எங்கோ பின்னால் இருந்தது. அதற்கு வெகு முன்னாலேயே, சிமெண்ட் முதலியவை கெட்டிப்படுவது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. என் விரல் அங்கே தயங்கியதை அப்பா கவனித்துவிட்டார்.

"இன்னா போட்டிருக்குது? படி."

படித்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பார்த்தியா! உன் புஸ்தகமே சொல்லுது" என்று அப்பா தொடையைத் தட்டினார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். நான் வாங்கிய சம்பளம், நான் படித்த படிப்பு, இவளாவது என்னை நம்ப வேண்டாமா என்று இருந்தது. "அம்மா, சொன்னாக் கேளு. துப்பிடு. டாக்டர் பேச வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

அம்மா தலையை மெல்ல ஆட்டினாள். பிறகு வலது கையை வாய்க்கு எதிரே குவித்துப் பிடித்து, அங்கிருந்து அதை வாசலைத் தாண்டித் தெருப்பக்கம் நீட்டினாள். நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். கடைசியில் விரல்களை விரித்து மேலே தூக்கினாள், 'பூ'வை எறிவதுபோல.

இத்தனை நாளும் அவள் பல் இல்லாமலே பழகிவிட்டாள், நான்தான் பிடிவாதமாக இழுத்துப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ குரல் திரும்பி வரும் என்றால் வாயில் ஆற்றையே நிறுத்தி வைக்கத் தயாராக இருந்தாள். நான் சொல்வது சரியாக இருந்து அப்பா சொல்வது தப்பாக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் சொல்வது சரியாக இருந்து அவள் என் பேச்சைக் கேட்டுவிட்டால், பல் விரிசல் விட்டுவிடும். இதுதான் அவள் போட்ட கணக்கு.

டாக்டரின் கிளினிக்கில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்றால், எனக்குச் சனிக்கிழமைதான் பாதி நாள். அதுவரை அம்மா ராகிக் கூழைக் குடித்தாள். குடிப்பதற்கு மட்டும் பேசினில் துப்பிவிட்டு, உடனே அடுத்த வாய்த் தண்ணீரை நிறுத்திக்கொண்டாள். அப்பா வேலையிடத்தில் இருந்து மத்தியானம் சைக்கிளில் வந்து தண்ணீர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கீரைக்கார செட்டில் இருக்கும் பெண்கள் வந்து பார்த்தார்கள். "ஊமைச் சாமி மாதிரி உக்காந்திருக்கியே" என்று அவர்களில் ஒருத்தி சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பா இரண்டு கையையும் நீட்டி, "சிரிக்காத! சிரிக்காத! ஆடுது பாரு!" என்று அலறினார். அவளுடைய தாடையின்கீழ் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு, சிரிப்பு அடங்கும் வரை அப்படியே நின்றார். அவர் ஒரு மனிதரை அத்தனை பத்திரமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. பெரிய கூரைகளுக்குக்கூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். அம்மா வாய் நிறையத் தண்ணீரோடுதான் வந்தாள். கண்டக்டர் நேராக அவளிடம் வந்து, "எல்லிகம்மா?" என்று கேட்டார். அம்மா அவரையே பார்த்தாள். "எல்லிகே ஹோகபேக்கு?" என்று மறுபடியும் கேட்டார், எங்கே போக வேண்டும் என்று. அம்மா கன்னத்தைச் சுட்டிக் காட்டினாள். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா பின்சீட்டிலிருந்து எழுந்து, "டிக்கெட்டு இங்க கொடு சாமி. அவங்க செட்டிங்ல இருக்காங்க" என்றார். கண்டக்டர் இறங்குமிடம் வரும் வரைக்கும் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பாயி தெகீரி" என்றார் டாக்டர். வாயைத் திறங்கள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு, அனுமதி கொடுப்பதுபோலத் தலையசைத்தார். அம்மா பேசினில் துப்பிவிட்டு வாயைத் திறந்தாள். டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். ஈறு ஏன் இப்படி ஊறிப்போய் வெளுத்திருக்கிறது என்று கேட்டார்.

அப்பா முன்னால் வந்து நின்றார். "வேளை தவறாம தண்ணி நிறுத்தியிருக்கேன் மேடம். ஒரு விரிசல் இல்ல, பாருங்க."

டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான்தான் கன்னடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. கூரையில் தொடங்கி, பாத்தி கட்டுவது, தண்ணீர் நிறுத்துவது, ஆட்டக்கூடாது என்பது எல்லாவற்றையும் சொல்லிப் பேசினில் கொண்டுவந்து முடித்தேன். டாக்டர் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். பிறகு சுழலும் நாற்காலியில் அப்படியே திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹல்லு ஆகலே செட் ஆகிதேம்மா. நிம்ம பாயி செட் ஆகபேக்கு. அதக்கே மாத்தாட்தா இரி."

பல் ஏற்கெனவே இறுகிவிட்டதாம். வாய்தான் இனிமேல் பழக வேண்டுமாம். அதற்குப் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"யோவ். இத்தினி நாளா என்னை ஊற வெச்சியே, நான் இன்னா புளியாய்யா?"

புதுப் பல்லில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கை டாக்டரிடம் இருந்தது. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னா மேடம் இது, ரெண்டு செட்டுக்கும் ஒரே பேரு வெச்சா நாங்க இன்னா பண்றது?" என்றார். அதையும் நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் மறுபடியும் சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்தால் சீக்கிரம் பழகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிக்கிறேன், நீ திருப்பிச் சொல் என்றேன். மந்திரிசபை, விலைவாசி என்று இரண்டு வரி சொல்லிவிட்டு, "இவங்க கதை எனக்கெதுக்கு?" என்று எழுந்துவிட்டாள். அப்பாதான் வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னைத் திட்டு."

"எதுக்கு?"

"தண்ணியில ஊற வெச்சதுக்கு. ஸ வர்ற மாதிரி பார்த்துத் திட்டு."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சோம்பேறி" என்றாள். விசில் மாதிரி ஒரு சத்தம் கூடவே வந்தது.

"காத்து போவுது. மறுபடி."

"சோம்பேறி. சொரணை கெட்டவனே. சனியனே."

"சனியன் நல்லா வந்துது. சோம்பேறியை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்து."

தொடங்கும்போது விளையாட்டாகத்தான் இருந்தது. போகப்போக அம்மாவுக்குச் சூடு பிடித்தது. வாய் திறக்காமல் இருந்த காலத்தில் சேர்ந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது, சொல்லாமல் விருந்தாளியைக் கூட்டிவந்தது, செருப்போடு உள்ளே வந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, "சரி, அடுத்தது" என்றார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உருது பேசும் அக்கா எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா? ஜகடா?" என்று கவலையாகக் கேட்டாள். சண்டையா என்று.

"இல்லம்மா, பிராக்டிசு" என்றார் அப்பா.

இப்படிப் பல சாயங்காலம் திட்டு வாங்கினார். விசில் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. வீட்டுக்குள் அம்மா வெடுக்கென்று பேசினாள், சுவர்ப்பக்கம் திரும்பாமல் சிரித்தாள். ஆனால் கூடையோடு இன்னும் வாய் திறக்காமலேதான் போய்வந்தாள். நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. வாடிய கட்டுகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "இரு, நானும் அந்தப் பக்கம்தான்" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தாள். அன்றைக்கு ஸப்ஸிகே நிறைய இருந்தது. அந்த வாசனை எங்களோடு நடந்து வந்தது. தெருமுனைக்கு வந்ததும் நின்றாள். முன்பு நின்று கூவுகிற இடம். கூடையைச் சரிசெய்தாள், சும்மாட்டைச் சரிசெய்தாள், இடுப்புச் சேலையை இழுத்துச் செருகினாள். நானும் நின்றேன்.

"நீ போ" என்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமிருக்கும்மா."

"நீ பார்த்துக்கினு நின்னா எனக்கு வாய் வராது. போ பாப்பா."

போனேன். திருப்பத்தைத் தாண்டி, இஸ்திரி போடுகிறவரின் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஸ்கூட்டர் போயிற்று. எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. இஸ்திரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டியில் கரியைத் தள்ளினார். என் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. நான் நகரவில்லை.

பிறகு வந்தது. முதலில் சின்னதாக, தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல ஒரு "ஸொப்பு". கொஞ்சம் பொறுத்து, பெரிதாக, இழுவையோடு: "தண்டு ஸொப்பு... மெந்த்ய ஸொப்பு... ஸப்ஸிகே ஸொப்பூ..." ஒவ்வொரு 'ஸ'விலும் மெல்லிய சீட்டி ஒன்று சேர்ந்து ஒலித்தது. பழைய குரல் இல்லை அது. பழையதின் மேல் யாரோ புல்லாங்குழல் வைத்து ஊதுவதுபோல இருந்தது. கடைசி 'பூ' மட்டும் அப்படியே மேலே போயிற்று.

எந்தக் கதவும் திறக்கவில்லை. அம்மா விடவில்லை, இரண்டாவது தடவையும் கூவினாள். இந்தத் தடவை ஒரு ஜன்னல் திறக்கிற சத்தம். மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் சந்தேகமாகக் கேட்டது: "யாரம்மா அது? ஹொஸபரா?" புதிதாக வந்தவளா?



"ஹளேவ்ளே தாயி" என்றாள் அம்மா, தெரு முழுக்கக் கேட்கும்படி. "ஹல்லு மாத்ர ஹொஸ்து!"

பழையவள்தான் தாயே, பல் மட்டும்தான் புதுசு. மேலே சிரிப்புச் சத்தம். ஜன்னலில் இருந்தவர் உள்ளே யாரையோ கூப்பிட்டார். எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. எங்கே போயிருந்தாய் இத்தனை நாள், ஊருக்கா என்று யாரோ கேட்டார்கள். படிகளில் செருப்புகள் தடதடவென்று இறங்கின. பஸ் என்னைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நிமிஷமே ஒரு கட்டுக்கு இந்த விலையா, தள்ளுவண்டியில் இதைவிட மலிவு என்று பேரம் தொடங்கியது. அம்மாவும் சீட்டியோடு பதிலுக்குப் பதில் கொடுத்தாள். தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள், முகர்ந்து பார்க்கச் சொன்னாள், தள்ளுவண்டிக்காரனின் கீரையை மட்டம் தட்டினாள்.

விலையைக் குறைக்கவே இல்லை.